கபடி ஆடும் தம்பிக்கு அடிக்கடி கணுக்கால் பிசகுகிறது. மூட்டைப் பலப்படுத்தினால் ஆட்டமும் மேம்படுமா?

தங்கள் தம்பிக்கு 19 வயது, ரைடராக, அதாவது எதிரணிப் பக்கம் பாடிப்போய்த் தொட்டு வருபவராக, ஆடுகிறார், ஓராண்டுக்குள் மூன்று முறை வலது கணுக்கால் பிசகிவிட்டது, மூட்டு பலத்துக்கு மாத்திரை எதுவும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். பல ஆண்டுகள் வலது கார்னரில், அதாவது தடுப்பு வரிசையின் வலது ஓரத்தில், ஆடி, முழங்கால் ஜவ்வு கிழிந்து ஒதுங்கி, இப்போது மாலை வேளைகளில் பையன்களுக்குக் கபடி சொல்லிக்கொடுப்பவன். அந்த அனுபவத்தையும், என்னைத் தேற்றிய பிசியோதெரபிஸ்டிடம் கற்றதையும் வைத்தே எழுதுகிறேன்.

மூன்று முறை பிசகியது தற்செயல் அன்று. ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மறுபடியும் சுளுக்கும் வாய்ப்பு அதிகம். வீக்கம் வடிந்து வலி போன பிறகும், பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை உடலுக்கு உணர்த்தும் நரம்புணர்வு மந்தமாகவே இருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். எண்ணெய் தடவி உருவிவிட்டால் இதமாக இருக்கும், ஆனால் அந்த உணர்வு அதனால் திரும்பாது. வெறுங்காலுடன் ஒற்றைக்காலில் நின்று பழகினால்தான் திரும்பும். பல் துலக்கும்போது ஒரு காலில் நிற்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள், பிசகிய கால் மற்றதைவிட எவ்வளவு தள்ளாடுகிறது என்பதை அவரே பார்த்துவிடுவார்.

அடுத்தது ஆட்டத்தைப் பற்றியது. ஆடவர் களத்தில் ஒரு பாதியின் நீளம் ஆறரை மீட்டர்தான், ரைடுக்குக் கிடைப்பது 30 விநாடி. இந்தத் தூரத்துக்குள் முழு வேகத்தில் ஓட இடமே இல்லை, பாய்ந்து போய், நின்று, திரும்பி நடுக்கோட்டுக்கு வருவதுதான் வேலை முழுவதும். நல்ல ரைடர் ஒரே அடியில் நின்று திரும்புவார். மற்றவர் மூன்று குட்டி அடிகள் வைத்து நிற்பார், அந்த இடைவெளியில்தான் கார்னர்காரன் கணுக்காலைப் பிடிக்கிறான். ஒரே அடியில் நிற்பதற்குத் தொடையும் பிட்டமும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும். அவை வாங்காத சுமை முழங்காலுக்குப் போகிறது. ஆகவே காயத்தைத் தடுக்கும் பயிற்சியும் ரைடு புள்ளிகளைக் கூட்டும் பயிற்சியும் ஒன்றுதான் என்பேன்.

என் ஜவ்வு கிழிந்ததும் நிற்கத் தெரியாததால்தான். எங்கள் ஊர்ப் பொங்கல் போட்டியில் அப்போதுதான் முதன்முறையாக மண்ணுக்குப் பதில் மேட் என்ற செயற்கை விரிப்பைப் போட்டிருந்தார்கள். மண்ணில் ஆடும்போது கால் சற்றே வழுக்கி விசையை விட்டுவிடும். அந்த விரிப்பிலோ ஷூ கவ்விப் பிடித்துக்கொள்ளும். பாதம் அங்கேயே நிற்க, உடல் மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் ‘படக்’ என்ற ஒலி எனக்கே கேட்டது, இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. ஒரு மாதத்தில் வலியின்றி நடக்க முடிந்ததால் குணமாகிவிட்டது என்று நம்பி மறுபடி களத்தில் இறங்கினேன். திரும்பும்போதெல்லாம் முட்டி நழுவி நழுவி, உள்ளே இருக்கும் பிறைவடிவக் குருத்தெலும்பும் கிழிந்தது. அந்த இரண்டாவது கிழிசல் முழுக்க என் அவசரத்தின் விலை.

இப்போது என் பையன்களை முழங்கால் உயரத்தைவிடச் சற்றுக் குறைவான பெஞ்சிலிருந்து குதிக்கச் சொல்லி, முதலில் காதால்தான் கவனிக்கிறேன். ‘தொப்’ என்று சத்தம் வந்தால் தசை வேலை செய்யவில்லை என்று பொருள். பிறகு முன்னால் நின்று பார்ப்பேன். தரை தொடும் கணத்தில் முட்டிகள் இரண்டும் உள்பக்கம் சரிந்தால், சத்தமில்லாமலும் முட்டி கால்விரல்களின் நேரிலும் இறங்கும்வரை அவனுக்கு ரைடு கிடையாது. அதற்குத் துணையாக வாரத்தில் இரண்டு மூன்று நாள் நிதானமாகப் பஸ்கி, படி விளிம்பில் ஒற்றைக்காலில் குதிகால் உயர்த்துதல், பிறகு மண்டியிட்டு நிற்க ஒருவர் கணுக்கால்களை அழுத்திப் பிடிக்க உடலை மெல்ல மெல்ல முன்னோக்கிச் சாய்த்து இறக்குதல். கடைசியாகச் சொன்னது தொடையின் பின்தசைக்கானது, முதல் வாரம் கடுமையாக வலிக்கும் என்பதால் நான்கைந்து முறைக்கு மேல் வேண்டாம். தசை சில வாரங்களில் தேறிவிடும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கு மாதங்கள் பிடிக்கும்; ஆகவே பலம் வந்துவிட்டதுபோல் தோன்றும் நேரத்தில்தான் பயிற்சியை ஒரேயடியாகக் கூட்டக் கூடாது.

ஆட்டத்துக்கு முன் ஒரே நிலையில் நிமிடக்கணக்காக இழுத்துப் பிடித்து நிற்கும் பழக்கம் பல அணிகளில் உண்டு. அது தசையின் வெடிப்பு வேகத்தைச் சற்று மழுங்கடிக்கும், ஆட்டம் முடிந்த பிறகு செய்யலாம். முன்னதாக மெல்லோட்டம், பக்கவாட்டு நகர்வு, சிறு தாவல்கள் போதும்.

மாத்திரையைப் பொறுத்தவரை, குளுக்கோசமைன் வாங்கும் பணத்துக்கு முட்டையும் சுண்டலும் வாங்கிக் கொடுங்கள். வயதானவர்களின் மூட்டுத் தேய்மானத்திலேயே அதன் பயன் உறுதிப்படவில்லை, பிசகிய கணுக்காலுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. குருத்தெலும்புக்கு நேரடி இரத்த ஓட்டம் கிடையாது. மூட்டு அசைந்து, அழுந்தி, விடுபடும்போதுதான் உள்ளிருக்கும் திரவத்திலிருந்து அது ஊட்டம் பெறுகிறது. ஆகவே முழு ஓய்வாகப் படுக்கவைப்பதும் சரியன்று.

இதையெல்லாம் தொடங்கும் முன் ஒருமுறை எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இனி எப்போதாவது பிசகி, காலை ஊன்றி நான்கு அடிகூட வைக்க முடியாமல் போனாலோ, கணுக்கால் எலும்பின் மேட்டை அழுத்தும்போது வலித்தாலோ, கட்டுப்போடுபவரிடம் கொண்டுபோகாமல் அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.