கப்பலும் ராசியும் – கடிதம்

ஐயா, வணக்கம்.

டிசம்பரில் டர்பனிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பலில் நான்கு நாள் போய்வர, வீட்டில் எல்லோருக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறேன். ஆயா மட்டும் வரமாட்டேன் என்கிறார். 1994இல் நம் தென்னாப்பிரிக்காவுக்கு வரும் வழியில் எரிந்துபோன அக்கீலே லாவ்ரோ கப்பலைச் சொல்லிப் பயப்படுகிறார். பேர் மாற்றிய கப்பல், ராசியில்லாத கப்பல், அதன் விதி அப்படி என்கிறார். படித்துப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஓசியானோஸ் கப்பல் மூழ்கியபோது ஒருவர்கூடச் சாகாதது தெய்வச் செயல்தானே? ஆயாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது? எந்தத் தளத்தில் அறை எடுக்கலாம்? கடல் மயக்கத்துக்கு என்ன செய்வது?

– ஒரு வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அன்புள்ள சகோதரிக்கு,

ஆயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் பயத்தைக் கேலி செய்யாதீர்கள். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஒப்பந்தக் கூலிகளாக டர்பனில் கொண்டுவந்து இறக்கியது. அன்றிலிருந்து நம் வீடுகளில் கப்பல் என்றாலே ஊரை விட்டவர்களின் பேச்சுதான். அதே மாதம் கல்கத்தாவிலிருந்து வந்த பெல்வெடேரில் காலரா கண்டு பலர் வழியிலேயே இறந்தார்கள். தலையெழுத்து என்று சொல்லித்தான் மிஞ்சியவர்கள் கரையேறியிருப்பார்கள். வேறென்ன சொல்ல முடியும் அவர்களால்? ஏன் இப்படி நடந்தது என்று கேட்க அவர்களுக்கு யார் இருந்தார்கள்? நீங்கள் கேட்கலாம். அதனால்தான் ஆயா சொன்னால் பொறுத்துக்கொள்கிற எனக்கு, நீங்களும் அதையே எழுதும்போது கோபம் வருகிறது.

அக்கீலே லாவ்ரோவின் கதை என்ன? ஹாலந்தில் 1939இல் கட்டத் தொடங்கி, போரால் தடைபட்டு, 1947இல் வில்லம் ராய்ஸ் என்ற பெயரில் முதல் பயணம் போனது. பிறகு இத்தாலியர்கள் வாங்கிப் பேரை மாற்றினார்கள். 1985இல் துப்பாக்கி ஏந்தியவர்கள் அதைக் கடத்தி, சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பயணியைக் கொன்றார்கள். 1994 நவம்பர் 30 அன்று சோமாலியாவுக்கு அப்பால் தீப்பிடித்தது. அப்போது அதற்கு வயது 47. ஏறக்குறைய ஆயிரம் பேர் இருந்தார்கள். ஹவாயன் கிங் என்ற எண்ணெய்க் கப்பலும் வேறு சில கப்பல்களும் வந்து, மிகச் சிலரைத் தவிர அனைவரையும் காப்பாற்றின. டிசம்பர் 2 அன்று அது மூழ்கியது. கடத்தியவர்கள் அரசியலுக்காக வந்தார்கள். தீ வேறு காரணத்தால் வந்தது. இரண்டையும் ஒரே ராசியில் போட்டுக் கட்டினால், இரண்டுக்கும் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஆகிவிடும். எனக்கு ஆறாதது அதுதான்.

லக்கோனியா என்ற கப்பலைப் பற்றிப் படியுங்கள். அதுவும் ஹாலந்துக் கப்பல்தான், 1930இல் முதல் பயணம் போனது, அதற்கும் பேர் மாற்றினார்கள். 1963 கிறிஸ்துமஸுக்கு சவுத்தாம்ப்டனிலிருந்து உல்லாசப் பயணம் கிளம்பி, டிசம்பர் 22 இரவு மதீரா தீவுக்கு வடக்கே எரிந்தது. 128 பேர் இறந்தார்கள். தீ முடிதிருத்தும் அறையில் தொடங்கியது. ஆனால் அத்தனை பேர் சாகக் காரணம் தீ மட்டும் இல்லை. உயிர்காப்புப் படகுகளில் பல கீழே இறங்கவே இல்லை. அவற்றைத் தாங்கும் இரும்புக் கைகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. கப்பலை விட்டு வெளியேறும் உத்தரவும் தாமதமாக வந்தது. விசாரணைக்குப் பிறகு கேப்டன் உட்படப் பல அதிகாரிகள்மேல் குற்றம் சாட்டினார்கள்.

துரு என்று எழுதும்போதே அப்பா ஞாபகம் வந்துவிடுகிறது. டர்பன் பேஹெட்டில் கப்பல் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் அவருக்குச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கும் வேலை. படகை இறக்கும் இரும்புக் கையில் துருவை முழுக்கச் சுரண்டி, கிரீஸ் போட்டு, ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும். ஒருநாள் ஃபோர்மேன் வந்து, நாளைக்குப் பரிசோதனைக்கு ஆள் வருகிறார், சுரண்ட நேரமில்லை, மேலேயே அடி என்றாராம். அப்பா மறுத்திருக்கிறார். மறுத்தால் வேலை போகும். ஐந்து பிள்ளைகள். அடித்துவிட்டு வந்தார். அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்தப் படகு இறங்காதுடா, பார்க்க மட்டும் பளபளன்னு இருக்கும்" என்றார். அப்புறம் பல மாதம் பேப்பர் வந்ததும் கப்பல் செய்திகளைத்தான் முதலில் தேடுவார். அந்தக் கப்பலுக்கு எதுவும் ஆனதாகச் செய்தி வரவில்லை. ஆகியிருந்தால் அதையும் விதி என்றுதான் எழுதியிருப்பார்கள். ஃபோர்மேனின் பேரோ, அவரை அவசரப்படுத்தியவர் பேரோ எங்கும் வந்திருக்காது. என் அப்பா மட்டும் தன்னைக் குற்றவாளியாக நினைத்துக்கொண்டே செத்திருப்பார். இதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

தெய்வச் செயல் என்கிறீர்கள். தெய்வத்தை நான் மறுக்கவில்லை, தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவன்தான். ஆனால் 1991 ஆகஸ்ட் 4 அன்று நம் கிழக்குக் கரையில் டிரான்ஸ்கைக்கு அப்பால் ஓசியானோஸில் இருந்த 571 பேரும் பிழைத்தது எப்படி? கப்பலுக்குள் தண்ணீர் பரவாமல் தடுக்கும் சுவரில் பழுதுவேலையின்போது அடைக்காமல் விட்ட ஓட்டை வழியாக வெள்ளம் பரவியது. பலர் இன்னும் மேலே இருக்கும்போதே கேப்டன் ஹெலிகாப்டரில் ஏறிப் போய்விட்டார். மாஸ் ஹில்ஸ் என்ற கிட்டார் கலைஞர் ரேடியோவில் உதவி கேட்டார். அவரும் சக கலைஞர்களும் பயணிகளைப் படகில் ஏற்றினார்கள், பிறகு ஹெலிகாப்டர் கயிற்றில் பிணைத்து அனுப்பினார்கள். விமானப்படைக்காரர்கள் அந்தப் புயல் காற்றில் மீண்டும் மீண்டும் வந்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போங்கள்.

சரி, உங்கள் கேள்விகள். எந்தத் தளம் என்பது பெரிய விஷயமில்லை. அறையிலிருந்து படிக்கட்டுக்கு எத்தனை கதவு என்று எண்ணி வையுங்கள், புகையில் கண் தெரியாது. கப்பல் கிளம்பும்போது அவசரகாலப் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். கோஸ்டா கொன்கோர்டியா என்ற உல்லாசக் கப்பல் 2012இல் கவிழ்ந்த பிறகுதான், கிளம்புமுன்போ கிளம்பியவுடனோ அதை நடத்தியாக வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்த நேரத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். ஆயாவையும் கூட்டிப் போய் எந்தப் படகு, எந்தப் பக்கம் என்று காட்டுங்கள். படகு துருப்பிடித்திருந்தால் அதிகாரியிடம் கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். இதையெல்லாம் செய்யப்போகிறோம் என்று சொன்னால் ஆயா வருவார் என்று நினைக்கிறேன். வரவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். கடல் மயக்கத்துக்கு மாத்திரை இருக்கிறது, ஆயாவின் மற்ற மருந்துகளோடு ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.