வாசகர் கேள்வி – பதில்: அழுத்தினால் மின்சாரம் கூடுமா?

கேள்வி: காப்பர் தாலோசயனின் என்ற நீல நிறக் கரிமக் குறைகடத்தியின் தூளை 13 மி.மீ. எஃகு அச்சில் போட்டு, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்தியபடியே மின்தடை பார்த்தேன். மல்டிமீட்டர் பூஜ்யம் காட்டியது. அழுந்தி வில்லையான தூளை வெளியே எடுத்துப் பார்த்தால் எல்லை தாண்டி '1' என்று நிற்கிறது. எங்கே தவறு?
– முதுகலை இயற்பியல் மாணவி, பாளையங்கோட்டை

பதில்: பூஜ்யம் காட்டியது எஃகு. மின்சாரம் அச்சின் சுவர் வழியாகச் சுற்றிப் போய்விட்டது, தூளுக்குள் நுழையவே இல்லை. வெளியே எடுத்த வில்லையோ பல ஆயிரம் மெகாஓம் இருக்கும். சாதாரண மீட்டர் 20 மெகாஓம், மிஞ்சினால் 200 மெகாஓம் வரைதான் பார்க்கும்.

அதே மீட்டரை நானோஆம்பியர் மீட்டராக்கிக்கொள்ளலாம். 9 வோல்ட் பேட்டரி பதினொன்றைத் தொடராக இணைத்தால் 99 வோல்ட். பேட்டரி, 1 மெகாஓம் மின்தடை, வில்லை, மீட்டர் என்று ஒரே தொடராகக் கட்டி, மீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். அந்த 1 மெகாஓம் உங்கள் பாதுகாப்புக்கு, விட்டுவிடாதீர்கள். மீட்டரின் உள்மின்தடை 10 மெகாஓம் என்றால் 10 மில்லிவோல்ட் காட்டுவது 1 நானோஆம்பியர். 130 மில்லிவோல்ட் வந்தால் 13 நானோஆம்பியர். வில்லையின் மின்தடை சுமார் 7,600 மெகாஓம். விலை மலிவான மீட்டர்களில் உள்மின்தடை 1 மெகாஓம்தான் இருக்கும், ஆகவே இன்னொரு மீட்டரால் அதை முதலில் அளந்துவிடுங்கள். இணைத்தவுடன் வரும் அளவைக் குறிக்காதீர்கள், அது இறங்கி நிலைக்க இரண்டு நிமிடமாவது ஆகும்.

அச்சுக்குப் பதில், மின்கடத்தாத உறுதியான பீக் (PEEK) பிளாஸ்டிக்கில் 13 மி.மீ. துளையுள்ள வளையம் ஒன்று வேண்டும். பேட்டைப் பக்கம் லேத் பட்டறையில் கடைந்து, வெளியே எஃகு வளையம் இறுக்கித் தரச் சொல்லுங்கள். நைலான் வேண்டாம், ஈரம் குடிக்கும். மேலும் கீழும் எஃகு உருளை; பிரஸ்ஸுக்கும் உருளைக்கும் நடுவே செம்பு இல்லாத சர்க்யூட் போர்டுத் துண்டு. தூள் போடாமல், உருளைகள் ஒன்றையொன்று தொடாதபடி வைத்து ஒருமுறை அளந்து பாருங்கள். அப்போதும் கணிசமாக மின்னோட்டம் வந்தால் அது வளையத்தின் மேல் படிந்த ஈரம். குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடியில் இது நிச்சயம் வரும். வளையத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, சிலிக்கா ஜெல்லோடு ஒரு இரவு மூடி வையுங்கள்.

இனிதான் பெரிய பொறி. 13 மி.மீ. வில்லைக்கு 1 டன் என்பது 74 மெகாபாஸ்கல். அந்த அழுத்தத்தில் இப்படிப்பட்ட படிகம் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில்தான் சுருங்கும். ஆனால் மின்னோட்டம் பத்து மடங்கு ஏறியிருக்கும்! அது மூலக்கூறு நெருங்கியதால் அல்ல, தூளின் மணிகள் ஒன்றோடொன்று நன்றாகத் தொட்டதால். இதைப் படிகத்தின் குணம் என்று எழுதிவிட்டால் ஆய்வே வீண். ஏற்றி இறக்கி ஐந்தாறு முறை செய்யுங்கள். முதல் ஏற்றத்தில் கூடியதில் பெரும்பகுதி திரும்பாது. பிறகு ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே கோட்டில் போகும் மாற்றம்தான் படிகத்தின் குணத்துக்குக் கிட்டத்தில் வரும். உறுதியாகச் சொல்ல ஒற்றைப் படிகம் வேண்டும். வில்லையின் கனத்தையும் டயல் கேஜில் ஒவ்வொரு முறையும் குறியுங்கள்.

கேள்வி: கரிமக் குறைகடத்தியை அழுத்தினால் கடத்துதிறன் ஏன் கூட வேண்டும்?
– பள்ளி ஆசிரியர், சங்கரன்கோவில்

பதில்: சிலிக்கானில் அணுக்கள் கெட்டியான பிணைப்பில் நிற்கின்றன. அந்தரசீன், பென்டசீன் போன்ற கரிமக் குறைகடத்திகளில் மூலக்கூறுகளை ஒட்டவைப்பது மெல்லிய வாண்டர்வால்ஸ் விசைதான்; அழுத்தினால் சிலிக்கானைப்போல் பத்து மடங்கு எளிதாகச் சுருங்கும். பத்தமடைப் பாய்களை அடுக்கி மேலே உட்கார்ந்தால் பாய்க்கும் பாய்க்கும் இடையேதானே அமுங்குகிறது? கோரை நசுங்குவதில்லை. அதுபோல மூலக்கூறு அப்படியே இருக்க, இடைவெளிதான் குறைகிறது. எதிரெதிரே இருக்கும் பை எலக்ட்ரான் மேகங்கள் (மூலக்கூறின் தளத்துக்கு மேலும் கீழும் பரவிநிற்கும் எலக்ட்ரான்கள்) கூடுதலாக ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. இடைவெளி சிறிது குறைந்தாலே இந்தப் படிவு வேகமாகக் கூடும். எலக்ட்ரான் தாவுவது எளிதாகிறது, ஆற்றல் இடைவெளியும் (கட்டுண்ட எலக்ட்ரானை மின்சாரம் கடத்த விடுவிக்கத் தேவையான ஆற்றல்) குறைகிறது.

வெப்பநிலையையும் கூடவே குறிக்க வேண்டும். 2 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் இடைவெளி உள்ள தூய பொருளில், அறை வெப்பத்தில் 1 டிகிரி ஏறினாலே கடத்துதிறன் ஏறக்குறைய 14 சதவீதம் கூடும். சட்டென்று அழுத்தினால் பொருள் சூடாகும். அது ஆறும்வரை காத்திருக்காமல் அளந்தால், சூட்டின் விளைவை அழுத்தத்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.

கேள்வி: அழுத்திக்கொண்டே போனால் உலோகமாகுமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: சில பொருள்களில் அதையும் தாண்டிப் போயிருக்கிறார்கள். 1954இல் ஜப்பானில் அகமாட்டு, இனோகுச்சி, மட்சுனாகா மூவரும் பெரிலீனோடு புரோமினைச் சேர்த்து நன்றாக மின்கடத்தும் கரிமப் பொருளைக் காட்டினார்கள். 1980இல் டி.எம்.டி.எஸ்.எஃப். (TMTSF) என்ற கரிம மூலக்கூறின் உப்பை சுமார் 12,000 வளிமண்டல அழுத்தத்தில் குளிரவைத்தபோது, 0.9 கெல்வின் (சுமார் மைனஸ் 272 டிகிரி செல்சியஸ்) அளவில் அது மின்தடையே இல்லாத மீகடத்தியானது. அழுத்தம் இல்லாமல் குளிரவைத்தால் அதே உப்பு மின்கடத்தாப் பொருளாகிவிடும்.

அந்த அளவுக்கு பிரஸ் போதாது. பெரிலியம்–செம்புக் கலத்தில் எண்ணெய் நிரப்பி, நான்கு தங்கக் கம்பி ஒட்டிய படிகத்தை அதற்குள் வைத்து, நாலாபுறமும் ஒரே சீராக அழுத்த வேண்டும். கம்பி ஒட்டும் பசையின் கரைப்பான் படிகத்தைக் கரைத்துவிடக் கூடாது. நீரில் கலந்த கிராஃபைட் பசை பல படிகங்களுக்கு ஒத்துவரும். உள்ளே மாங்கனின் என்ற செம்புக் கலவையின் கம்பிச்சுருள் ஒன்றும் வையுங்கள். ஆயிரம் பார் ஏறினால் அதன் மின்தடை சுமார் கால் சதவீதம் கூடும். அதை வைத்து உள்ளே இருக்கும் உண்மையான அழுத்தத்தைக் கணக்கிடலாம். பெரிலியம் கலந்த உலோகத்தை நீங்களே அரத்தால் ராவ வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.