கோமாரி ஊசி போட்டபின் மாட்டின் உடம்பில் என்ன நடக்கிறது: கேள்வி பதில்

வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்து, முப்பது வருஷமாகச் சென்னையைச் சுற்றி மாடு பார்க்கிறேன். மாட்டின் வாயிலும் குளம்பிலும் புண் வரவைக்கும் கோமாரி நோய்க்கான தடுப்பூசியைப் பற்றி மாடு வைத்திருப்பவர்கள் கேட்டதற்குத் தெரிந்த வரையில் பதில் சொல்லியிருக்கிறேன்.

டாக்டர், ஊசி போட்டு அஞ்சாம் நாள் ஒரு மாட்டுக்கு வாயெல்லாம் நுரை, நாக்குத் தோல் உரிஞ்சிடுச்சு. ஊசியாலதான் வந்துதுன்னு அப்பா சொல்றார். (செங்குன்றம்)

அப்பாவின் கோபம் புரிகிறது. ஆனால் ஊசியால் வந்திருக்காது. மருந்தில் இருப்பது ரசாயனத்தால் கொல்லப்பட்ட வைரஸ், அதோடு எண்ணெய். செத்த வைரஸ் பெருகாது. கோமாரிக் கிருமி உடம்பில் புகுந்து நோய் வெளியே தெரிய 2 நாளிலிருந்து 14 நாள் வரை ஆகும். ஊசி போட்ட அன்றைக்கே உங்கள் மாட்டுக்குள் கிருமி இருந்திருக்கலாம், இல்லை அடுத்த ஓரிரு நாளில் தொற்றியிருக்கலாம்.

ஊசி ஏறியதும் உடம்பு முதலில் ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருளை, அதாவது கிருமியைப் பிடித்து முடக்கும் புரதத்தை, அவசரத்துக்குத் தயாரிக்கும். அதற்குப் பின்னால்தான் ஐஜிஜி என்ற உறுதியான எதிர்ப்பொருள் வரும். ஓரளவு காப்பு கிடைக்கவே ஒரு வாரம் ஆகிவிடும், எதிர்ப்பொருள் உச்சத்துக்கு வர 3, 4 வாரம் ஆகும். பக்கத்துத் தெருவில் நோய் வந்த பிறகு ஊசியைத் தேடி ஓடினால் இந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொள்வோம். அதுவரை மாட்டைச் சந்தைக்கோ பொதுத் தொட்டிக்கோ விடாதீர்கள்.

ஒரு தடவை நோய் வந்து தேறின மாட்டுக்கும் ஊசி வேணுமா சார்? (மாதவரம்)

வேண்டும். நம் நாட்டில் ஓ, ஏ, ஆசியா-1 என்று மூன்று வகை சுற்றுகிறது. ஓ வகையில் படுத்து எழுந்த மாட்டை ஏ வகை மறுபடி படுக்கவைக்கும். சி என்று நாலாவது வகையும் இருந்தது. 1995க்குப் பிறகு இந்தியாவில் அது தென்படவில்லை, அதனால் மருந்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

6 மாதத்துக்கு ஒரு முறை ஏன் என்றும் பலர் கேட்கிறீர்கள். உயிருள்ள கிருமி உடம்பில் பெருகும்போது கிடைக்கிற எதிர்ப்பு வருஷக்கணக்கில் நிற்கும். செத்த கிருமி காட்டிய பாடத்தை உடம்பு சீக்கிரம் மறந்துவிடுகிறது.

கன்னுக்குட்டிக்கு ரெண்டு மாசம். சேர்த்துப் போட்டுடலாமா? (குன்றத்தூர்)

பொறுங்கள் அம்மா. தாய்க்கு ஊசி போட்டிருந்தால் சீம்பால் வழியாகக் கன்றுக்கும் எதிர்ப்பொருள் போயிருக்கும். அந்தத் தாய்ச்சீதனமே நாம் போடும் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், கன்றின் உடம்பு தானாக எதுவும் கற்றுக்கொள்ளாது. 4 மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, பிறகு 6 மாதத்துக்கு ஒரு முறை. அந்த இரண்டாவது ஊசியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முதல் ஊசி அறிமுகம் மட்டும்தான், உடம்பு வேகமாகவும் நிறையவும் எதிர்ப்பொருள் செய்வது இரண்டாவதுக்குப் பிறகு. முகாம் வரும் வரை காத்திருக்காமல் தேதியைத் தொழுவச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள்.

ஊசி போட்ட மாடு நல்லாத்தான் இருக்கு. அது மத்த மாட்டுக்கு நோயைக் கொடுக்குமா? (திருவல்லிக்கேணி)

நல்ல கேள்வி. ஊசியால் வரும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் ஓடுகிறது. அதனால் கிருமி நாக்குக்கும் குளம்புக்கும் மடிக்கும் பரவ முடியாது, மாடு படுக்காது. ஆனால் கிருமி முதலில் இறங்குவது தொண்டையில், அங்கே ரத்தத்தின் காவல் குறைவு. ஊசி போட்ட மாட்டின் தொண்டையிலும் கிருமி 28 நாளைத் தாண்டித் தங்கலாம். சில மாடுகளில் மூன்றரை வருஷம் வரைகூடத் தங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட மாட்டிடமிருந்து மற்றதற்குத் தொற்றுவது அபூர்வம்தான். தொற்றிய முதல் சில நாள்தான் ஆபத்து, அதிலும் ஊசி போட்ட மாடு வெளியே விடும் கிருமி மிகக் குறைவு. ஆகவே தெருவில் ஒரு மாட்டுக்குப் போட்டுப் பத்தை விட்டால் பிரயோஜனமில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் போட வேண்டும்.

ஊசியால் வந்த எதிர்ப்பையும் நோயால் வந்த எதிர்ப்பையும் ரத்தப் பரிசோதனையில் பிரிக்க முடியும். கிருமி பெருகும்போது மட்டும் உண்டாகும் புரதங்கள் சில உண்டு, சுத்திகரித்த மருந்தில் அவை இருக்காது. அவற்றுக்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தால் கிருமி உள்ளே பெருகியிருக்கிறது என்று அர்த்தம்.

ஊசி போட்டதும் பால் குறையுதே? (புழல்)

இரண்டு மூன்று நாள் குறையும், திரும்பி வந்துவிடும். நோய் வந்தால் அந்த ஈற்றின் பால் முழுக்கப் போய்விடும்.

போன முறை போட்டும் நாலு மாட்டுக்கு வந்துடுச்சு. மருந்து டூப்ளிகேட்டா? (அம்பத்தூர்)

நான் முதலில் கேட்பது குளிரைப் பற்றித்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மே மாத மத்தியானம், மருந்து பாட்டிலை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஐஸ் பெட்டி இருந்தது, உள்ளே ஐஸ் தண்ணீராகிவிட்டிருந்தது. பாட்டில் கையில் வெதுவெதுப்பாகப் பட்டது. போட்டுவிட்டேன். மூன்று மாதத்தில் அந்தத் தொழுவத்தில் எல்லா மாட்டுக்கும் நோய். இன்றைக்கும் அந்தத் தெரு வழியே போகும்போது மனசு கனக்கிறது.

முழுத் துகளாக இருக்கும் வைரஸைப் பார்த்தால்தான் உடம்பு சரியான எதிர்ப்பொருள் செய்யும். சூடு பட்டால் அந்தத் துகள் துண்டுதுண்டாக உடைந்துவிடும். பார்க்க அதே வெள்ளை மருந்து, உள்ளே சரக்கு இருக்காது. ஃப்ரீசரில் உறைந்தாலும் கெட்டது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஊசி போட வருபவரிடம் பாட்டிலைத் தொட்டுப் பார்க்கலாமா என்று தைரியமாகக் கேளுங்கள். குடற்புழு நீக்கத்தை 2 வாரம் முன்பே முடித்துவிடுங்கள், மெலிந்த மாட்டின் உடம்பு எதிர்ப்பொருள் செய்யத் திணறும்.

மனுஷங்களுக்குத் தொத்துமா? (போரூர்)

பயப்பட வேண்டாம். பாலைக் காய்ச்சிக் குடியுங்கள்.

இப்போ ரெண்டு மாட்டுக்குப் புண் வந்திருக்கு. கைவைத்தியம் சொல்லுங்க டாக்டர். (பூந்தமல்லி)

மருத்துவரிடம் உடனே தகவல் சொல்லுங்கள். அதுவரை வாய்ப்புண்ணுக்குச் சீரகம், வெந்தயம், மிளகு மூன்றையும் ஊறவைத்து, மஞ்சள், பூண்டு சேர்த்து அரைத்து, தேங்காய்த் துருவலும் வெல்லமும் பிசைந்து நாக்கிலும் மேலண்ணத்திலும் தடவலாம். குளம்புக்குக் குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணியை நல்லெண்ணெயில் காய்ச்சிப் போடுங்கள். புண்ணில் ஈ மொய்க்க விடாதீர்கள். தொழுவத் தரையை 4 சதவீதச் சலவை சோடாக் கரைசலால் கழுவுங்கள்.

இன்னொன்று, இதை இன்றைக்கே செய்யுங்கள்: நோய்ப்பட்ட தாயிடம் கன்றை ஊட்ட விடாதீர்கள். கன்றுக்கு இந்தக் கிருமி இதயத் தசையைத் தாக்கும். வாயில் ஒரு கொப்புளம்கூட இருக்காது, காலையில் துள்ளியது சாயங்காலம் சரிந்துவிடும்.