பழைய மரப் பாய்மரப் படகுக்கு அசல் அலங்கார உலோகப் பாகங்களை எப்படி அடையாளம் காண்பது?

படகு கட்டப்பட்டபோதே அதற்கென வார்த்துப் பொருத்திய உலோக உறுப்பையே அசல் பாகம் என்கிறோம். அமெரிக்காவின் பிரிஸ்டலில் இயங்கிய ஹெரெஷாஃப் பட்டறை 1914-இல் வடிவமைத்த 'பன்னிரண்டரை' வகைப் படகில், கயிறு சுற்றிக் கட்டும் கிளீட் வெண்கலத்தால் ஆனது. காரணம் உண்டு: பித்தளையிலுள்ள துத்தநாகம் உப்புநீரில் கரைந்துவிட, கரையான் அரித்த கதவுநிலை போல, உருவம் அப்படியே இருக்க உள்ளே வலு போய்விடும். அப்படி வலுவிழந்த பித்தளையைச் சுரண்டினால் இளஞ்சிவப்பாகத் தெரியும்.

பழைய பாகங்களை அதே வகைப் படகு வைத்திருப்பவர்களிடமும், உடைத்த படகுகளின் பாகங்களை விற்பவர்களிடமும் தேடலாம். ஹெரெஷாஃப் வரைபடங்கள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக (எம்.ஐ.டி.) அருங்காட்சியகத்தில் உள்ளன. வாங்குமுன் அளந்து பார்ப்பது மிக அவசியம். அசலையே அச்சாக்கி மணலில் வார்த்த நகல், உலோகம் ஆறும்போது சுருங்குவதால் ஓரிரு விழுக்காடு சிறுத்திருக்கும்; மரத்தில் பழைய பாகம் பதித்துச் சென்ற தடத்தின்மேல் வைத்தால், விளிம்பில் மெல்லிய இடைவெளி காட்டிக்கொடுத்துவிடும். அசல் கிடைக்காவிட்டால், நல்ல வெண்கல நகலே போதுமானது என்பது என் கருத்து.

பச்சைக் களிம்பு ஏறிய வெண்கலம் கெட்டுப்போனது என்று பலர் எண்ணி வீசிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் மேற்பரப்பில் படிந்த படலம் மட்டுமே.