பஹாமுட் மீனா, டிராகனா? கேம் மிருகங்களின் பூர்வீகம்: கேள்வி பதில்

வீடியோ கேம்களில் வரும் பூதம், பேய், மிருகமெல்லாம் எங்கிருந்து வந்தவை என்று கேட்டிருந்தீர்கள். என்னால் உருப்படியாகச் சொல்ல முடிந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்று. "இது இன்ன புராணத்திலிருந்து எடுத்தது" என்று யாராவது சொன்னால் எந்த நூல், எந்த ஆண்டு, நடுவில் யார் கை பட்டது என்று கேளுங்கள். இதைப் பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: அக்கா, ஃபைனல் ஃபேன்டஸி கேமில் பஹாமுட் டிராகன்களின் ராஜா. அரபுக் கதையில் அது மீன் என்கிறார்களே?

மீன்தான். பழைய அரபு உலக வர்ணனைகளில் பூமியை ஒரு தேவதூதன் தாங்குகிறான், அவன் காலுக்குக் கீழே ஒரு மாணிக்கப் பாறை, பாறைக்குக் கீழே ஒரு மாபெரும் காளை, காளைக்குக் கீழே பஹாமுட் என்ற மீன். 13ஆம் நூற்றாண்டில் அல் கஸ்வினி என்ற அறிஞர் எழுதியதிலும் இந்த அடுக்கு உண்டு. பெயரின் வேர் எபிரேய வேதத்தில் யோபு நூல் சொல்லும் பெஹிமோத், அதுவோ மாட்டைப் போலப் புல் தின்னும் தரை மிருகம். ஆக, தரை மிருகத்தின் பெயர் அரபுக்குப் போனபோதே கடலுக்குள் இறங்கிவிட்டது. டிராகன் ஆனது எப்போது? அமெரிக்காவில் 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேஜை விளையாட்டில்தான். அதன் 1977 மிருகத் தொகுப்பில் நல்ல டிராகன்களின் அரசனுக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். 1987இல் ஜப்பானில் வந்த முதல் ஃபைனல் ஃபேன்டஸியிலும் பஹாமுட் டிராகன் அரசன்தான். நடுவில் யார் கை என்று நான் கேட்கச் சொல்வது இதனால்தான்.

கே: தியாமத்துக்கு ஐந்து தலை எந்தக் களிமண் பலகையில் இருக்கிறது?

எதிலும் இல்லை. பாபிலோனியப் படைப்புக் கதையில் தியாமத் உப்புக் கடலே உருவான தேவி. மர்துக் என்ற கடவுள் அவளைக் கொன்று உடலை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வானமாக்குகிறான். ஐந்து நிறத்தில் ஐந்து தலை டிராகன் என்பதெல்லாம் மேலே சொன்ன அதே மேஜை விளையாட்டின் வேலை.

கே: பால்டர்ஸ் கேட் 2இல் ராட்சசன் ஏன் புலித்தலையோடு வருகிறான்? ராமாயணத்தில் அப்படி இல்லையே.

ரொம்பப் பிடித்த கேள்வி. பால்டர்ஸ் கேட் அதே மேஜை விளையாட்டை வைத்துச் செய்த கேம். ராமாயணத்து ராட்சசர்கள் நினைத்த உருவம் எடுப்பார்கள். மாரீசன் மானாகிறான், ராவணன் துறவியாக வந்து நிற்கிறான். புலித்தலை அவர்களின் அடையாளம் கிடையாது. 1974இல் அமெரிக்க டிவியில் ஒரு திகில் தொடர் ஓடியது, அதன் ஒரு அத்தியாயத்தில் ராட்சசன் வருகிறான். தன்னைப் பார்ப்பவர் நம்பும் ஆளின் உருவத்தில் வந்து நிற்கிறான், மந்திரித்த குறுக்குவில் அம்பால்தான் அவனைக் கொல்ல முடியும். அதைப் பார்த்த கேரி கைகாக்ஸ், தான் சேர்ந்து உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ராட்சசனைச் சேர்த்தபோது அந்த அம்பையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். கூட ஓவியர் டேவிட் டிராம்பியர் புலித்தலையோடு, கையில் புகைக்குழாயோடு ஒரு படம் வரைந்தார். அந்தப் படம் அவ்வளவு நன்றாக இருந்ததால் ஐம்பது வருடமாக உலகத்துக்கே அதுதான் ராட்சசன். உருவம் மாறுவது மட்டும் நம் கதையில் இருந்தபடியே அங்கேயும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கே: மைன்கிராஃப்ட் க்ரீப்பர் எந்த ஊர்ப் பேய்?

எந்த ஊரும் இல்லை. பன்றி உருவம் செய்யப் போய் நீளத்தையும் உயரத்தையும் மாற்றிப் போட்டதில் வந்தது.

கே: ஃபைனல் ஃபேன்டஸியில் சிவா என்று நீல நிறத்தில் ஒரு பனிப் பெண் வருகிறாளே, இது நம் சிவபெருமானா?
கே: சிவனைப் பெண்ணாக்கியது அவமதிப்பு இல்லையா?
கே: அர்த்தநாரீஸ்வரரைத்தான் காட்டுகிறார்கள் என்கிறேன், நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை.
கே: கைலாயத்துப் பனிதான் காரணம், சரிதானே?

இதே கேள்வி பதினாறு பேரிடமிருந்து வந்திருக்கிறது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில். பெயர் நம்முடையது. 1990இல் வந்த மூன்றாம் பாகத்தில் வரவழைக்கும் சக்திகளின் வரிசையில் அவளைச் சேர்த்தார்கள். அந்த வரிசையையே பாருங்கள்: அரபு இஃப்ரித், நார்ஸ் ஓடின், கிரேக்க டைட்டன், எபிரேய லெவியாதான், பஹாமுட். உலகம் முழுக்கப் பெயர்களைப் பொறுக்கி ஒரே தட்டில் வைத்திருக்கிறார்கள். இதில் தேடித் தேடி அர்த்தநாரீஸ்வரரைக் காண்பவர்கள் தங்கள் பக்தியைத்தான் காண்கிறார்கள். கைலாயத்துக்கும் அதே பதில்.

அவமதிப்பு என்று வருந்துகிறவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது, வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடும் பெயர் அது. ஆனால் ஜப்பானியருக்குச் சிவனைத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சிவனின் மகாகாள வடிவம் பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பான் போய் தைகோகுதென் ஆனது. இன்று அவர் ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களில் ஒருவர், நெல் மூட்டை மேல் நின்று, கையில் சுத்தியலோடு சிரிக்கிறார். சரஸ்வதி பென்சைதென் ஆகி வீணைக்குப் பதில் அந்த ஊர் பிவா வாசிக்கிறாள். இவர்களை மாற்றியது கேம் கம்பெனி இல்லை, தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டவர்கள். ஷின் மெகாமி டென்சே என்ற இன்னொரு ஜப்பானியத் தொடரில் சிவன் ஆணாக, அழிக்கும் கடவுளாகவே வருகிறார். அதையும் பார்த்துவிட்டுச் சண்டை போடுங்கள்.

கே: அப்போ கிரிஃபின் நம் யாளியைப் பார்த்துச் செய்ததா?

இல்லை. கழுகுத்தலை சிங்க உருவம் ஈரானின் ஈலம் பகுதியில் ஐயாயிரம் ஆண்டுக்கு முன்பே உண்டு. நம் கோயில்களில் நீங்கள் பார்க்கும் பெரிய யாளித் தூண்களில் பெரும்பாலானவை விஜயநகர, நாயக்கர் காலத்தவை.

கே: கிரிஃபின் டைனோசர் எலும்பைப் பார்த்து வந்த கதை என்று படித்தேன்.

பழங்கதைகளை ஆராயும் அட்ரியென் மேயரின் கருத்து அது. கோபி பாலைவனத்தில் கிடைக்கும் புரோட்டோசெரடாப்ஸ் என்ற டைனோசரின் எலும்புக்கு அலகு மாதிரி வாய், நாலு கால். அந்தக் காலத்தில் தங்கம் தேடிப் போனவர்கள் அதைப் பார்த்துக் கதை கட்டினார்கள் என்கிறார். கேட்க அழகாக இருக்கிறது, நானே பல வருடம் அப்படியே நம்பி மற்றவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். 2024இல் தொல்லுயிர் ஆய்வாளர்கள் மார்க் விட்டனும் ரிச்சர்ட் ஹிங்கும் அதை மறுத்து எழுதினார்கள்: பண்டைய தங்கம் தேடிகள் போன இடங்கள் வேறு, அந்த எலும்புகள் கிடைக்கும் இடம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, அதோடு உருவம் அதற்கெல்லாம் வெகு காலம் முன்பே மேற்கே இருந்தது. அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. நிஜ எலும்பிலிருந்து வந்த டிராகன் வேண்டுமா, ஆஸ்திரியாவில் கிளாகன்ஃபர்ட் ஊருக்குப் போங்கள். அங்குள்ள 16ஆம் நூற்றாண்டு டிராகன் சிலையின் தலை, பக்கத்தில் கிடைத்த பனியுகக் காண்டாமிருக மண்டையோட்டைப் பார்த்துச் செதுக்கியது.

கே: எந்த கேம் முதலில் வாங்கலாம்?

கடைக்காரரைக் கேளுங்கள்.

கே: போகிமானில் ஒன்றுக்கும் உதவாத மேஜிகார்ப் மீன் ஏன் டிராகன் மாதிரியான கியாரடோஸ் ஆகிறது?

மஞ்சள் ஆற்றில் டிராகன் வாசல் என்ற இடத்தில் வெள்ளத்தை எதிர்த்துத் தாண்டும் கெண்டை டிராகனாகும் என்பது சீனக் கதை. அதே தொடரில் விஸ்கேஷையும் பாருங்கள், நிலநடுக்கம் உண்டாக்கும் கெளுத்தி. ஜப்பானில் பூமிக்கடியில் நமாஸு என்ற கெளுத்தி புரண்டால் நிலம் ஆடும், காஷிமா தெய்வம் ஒரு கல்லால் அதன் தலையை அழுத்தி வைத்திருக்கிறார். 1855இல் எடோ நகரம் (இன்றைய டோக்கியோ) நிலநடுக்கத்தில் சரிந்தபின் இந்தக் கெளுத்தியை வைத்து மரஅச்சுப் படங்கள் சில வாரத்துக்குள் குவிந்துவிட்டன. சிலவற்றில் ஜனங்கள் அதைப் போட்டு அடிக்கிறார்கள், சிலவற்றில் வீடு கட்டும் வேலை கிடைத்த தச்சர்கள் அதற்கு நன்றி சொல்கிறார்கள்.

கே: எல்லாமே நம்மிடமிருந்துதானே போனது?

எந்த நூல், எந்த ஆண்டு, நடுவில் யார்?

கே: போலந்தில் செய்த விட்சர் 3 கேமில் ஆரம்பத்திலேயே கிணற்றடியில் ஒரு நண்பகல் பேய் வருகிறது. உச்சி வேளையில் புளியமரத்தடிக்குப் போகாதே என்று எங்கள் ஆச்சி சொல்லும். போலந்துக்காரர்களுக்கு இது எப்படித் தெரிந்தது?

வெயில் அங்கேயும் அடிக்கிறதே! போலந்தில் அவள் பெயர் பொவுத்னித்சா. அறுப்புக் காலத்தில் நடு மதியம் வெள்ளை உடையில் வயலில் வருவாள், ஓய்வெடுக்காமல் வேலை செய்கிறவர்களின் கழுத்தைத் திருகுவாள். தலைவலி, மயக்கம், திடீர்ச் சாவு, வெயில் தாக்கியவருக்கு நடப்பதெல்லாம் அவள் கணக்கில். உங்கள் ஆச்சி சொன்னதைப் போலந்துக் கிழவிகளும் யாரிடமும் கடன் வாங்காமல் பேரப்பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார்கள். கிழக்கு ஜெர்மனியின் சோர்பியர்கள் என்ற ஸ்லாவிய மக்களிடம் இவள் கொஞ்சம் வேறு மாதிரி. வயலில் நிற்பவரிடம் நார் எடுக்கும் ஆளிவிதைச் செடியைப் பற்றிக் கேட்பாள். எப்படி விதைப்பது, எப்படிப் பிடுங்குவது, எப்படி நூற்பது என்று ஒரு மணி நேரம் விடாமல் பேசத் தெரிந்தால் தப்பித்தீர்கள். ஒரு மணி அடித்ததும் போய்விடுவாள்.