பழைய கார் ஸ்டீரியோவை மாற்றாமல் டாஷ்போர்டில் ஆக்ஸ் இணைப்புக் கொடுக்க முடியுமா?

கேசட் பிளேயர் மட்டும் உள்ள பழைய காரில், அந்தச் செட்டை மாற்றாமலேயே கைபேசியை ஒயர் மூலம் இணைக்க டாஷ்போர்டில் ஆக்ஸ் ஜாக் வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். எங்கள் வீட்டு 2001 மாருதி ஜென்னில் நானே செய்திருக்கிறேன். அதிலுள்ள செட் என் அப்பா தேடி அலைந்து வாங்கிப் பொருத்தியது. புதிய செட் போட்டுவிடுவதே சுலபம் என்று கடையில் சொன்னார்கள், உண்மையும் அதுதான். ஆனாலும் அதைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை.

செட்டைத் திறக்காமல் செய்யக்கூடிய வழிகள் இரண்டு. கைபேசியின் பாட்டை ரேடியோ அலையாகச் செட்டுக்கு அனுப்பும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் சென்னைக்குள் எனக்குச் சரிப்படவில்லை. 93.5, 98.3, 101.4, 102.3 என்று நிலையங்கள் நெருங்கி நிற்கும் ஊரில் காலி அலைவரிசை கிடைப்பது அரிது. கிடைத்தாலும் நாலு தெரு தாண்டுவதற்குள் வேறொரு நிலையம் உள்ளே நுழைந்துவிடும். கேசட் போலவே செட்டுக்குள் நுழைத்து, அதன் ஒயரைக் கைபேசியில் செருகும் கேசட் வடிவ அடாப்டர் அதைவிட மேல். உங்கள் செட்டின் டேப் பகுதி இன்னும் ஒழுங்காகச் சுழல்கிறது என்றால் முதலில் அதை வாங்கிப் பாருங்கள். எங்கள் செட்டில் ரப்பர் பெல்ட் தளர்ந்துபோயிருந்ததால் கேசட்டை உள்ளே தள்ளிய சில நொடிகளில் வெளியே துப்பிவிட்டது. அதனால்தான் திறக்க நேர்ந்தது.

ஆக்ஸ் பொருத்துவதில் துளை போடுவது சிறிய வேலை. ஒலியைச் செட்டுக்குள் எந்த இடத்தில் கொடுக்கிறோம், எர்த்தை எங்கிருந்து எடுக்கிறோம் என்ற இரண்டையும் பொறுத்தே எல்லாம் அமைகிறது. கேசட் நாடாவைப் படிக்கும் டேப் ஹெட்டுக்குப் போகும் ஒயரில் கைபேசியை இணைக்கவே கூடாது. ஹெட் தருவது ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு, கைபேசி தருவதோ நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட். ஒலி கரகரவென்று சிதைந்துதான் வரும். சரியான இடம் வால்யூம் கன்ட்ரோலுக்குச் சற்று முன்னால் உள்ளது. எங்கள் செட்டில் திருகும் வால்யூம் என்பதால், ரேடியோவும் டேப்பும் சேர்ந்து அதற்குள் நுழையும் இடது, வலது தடங்கள் இரண்டையும் போர்டில் எளிதாகக் கண்டுபிடிக்க முடிந்தது. பொத்தானை அழுத்தி ஒலியைக் கூட்டும் செட் என்றால் அந்த வேலையைப் போர்டில் உள்ள ஓர் ஐசி (சில்லு) செய்யும். அதன் எண்ணைப் பார்த்து, எந்தக் கால் எதற்கு என்று தெரிந்துகொண்ட பிறகே கை வைக்க வேண்டும்.

சென்னையில் மின்னணுப் பொருட்கள் விற்கும் ரிச்சி தெருவில் ஐந்து கால் உள்ள 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ ஜாக்கைக் கேட்டு வாங்கினேன். அதற்குள் இருக்கும் சுவிட்ச், பின் செருகாதபோது பழைய ஒலியை அப்படியே வால்யூமுக்கு அனுப்பும். செருகியதும் அதைத் துண்டித்துக் கைபேசியின் ஒலியை உள்ளே விடும். பின்னின் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி எர்த். போர்டில் உள்ள டிசி மின்சாரம் கைபேசிக்குள் போகாதிருக்க, ஜாக்குக்கும் வால்யூமுக்கும் நடுவில் ஒவ்வொரு பக்கமும் ஒரு கெப்பாசிட்டர் வைத்தேன். ஒயர், இரைச்சலைத் தடுக்கும் உலோகப் பின்னல் சுற்றிய ஷீல்டு ஒயராக இருக்கட்டும். எர்த்தைச் செட்டின் போர்டிலிருந்தே எடுங்கள். கையருகே இருக்கிறதே என்று காரின் பாடி போல்ட்டில் மாட்டாதீர்கள்.

துளைக்கு டாஷ்போர்டையே வெட்ட வேண்டியதில்லை. பல கார்களில் பயன்படாத சுவிட்ச் இடத்தை ஒரு பிளாஸ்டிக் மூடி மறைத்திருக்கும். அதைக் கழற்றி, 2 மில்லிமீட்டர் துளையில் தொடங்கி, ஜாக்கின் மரை நுழையும் அளவுக்கு, எனக்கு 6 மில்லிமீட்டர், மெதுவாக அகலப்படுத்தினேன். தவறினால் மூடியை மட்டும் மாற்றினால் போதும். ஏர்பேக் உள்ள பகுதிப் பக்கமே போகாதீர்கள். வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

எல்லாம் முடிந்து இன்ஜினை இயக்கியதும், பாட்டுக்கு அடியில் மெல்லிய "ஙொய்ங்" என்ற ஒலி கேட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அதன் சுருதியும் ஏறியது. ஒயரிங் தவறு என்று பயந்து செட்டை மறுபடி வெளியே இழுத்தேன். தற்செயலாகக் கைபேசியின் சார்ஜரைப் பிடுங்கியபோது ஒலி சட்டென நின்றது. சார்ஜர் ஓரிடத்திலும் செட் வேறோரிடத்திலும் எர்த் ஆகும்போது, அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள சிறு மின்னழுத்த வேறுபாட்டோடு ஆல்டர்னேட்டரின் இரைச்சலும் ஆக்ஸ் ஒயர் வழியாக நுழைந்துவிடுகிறது. இரண்டு எர்த்துகளும் ஆக்ஸ் ஒயர் வழியாகச் சேராமல் பிரிக்கும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் ஒன்றை நடுவில் மாட்டியதும் தீர்ந்தது. உள்ளே இரண்டு சிறிய டிரான்ஸ்பார்மர்கள்தான். மலிவானவற்றில் தாழ்ந்த ஒலி கொஞ்சம் குறையும், ஓடும் காரில் அது பெரிதாகத் தெரியாது.

உங்கள் கைபேசியில் ஹெட்போன் துளை இல்லையென்றாலும் இந்த வேலை வீணாகாது. சிறிய புளூடூத் ரிசீவர் ஒன்றை அந்த ஜாக்கில் செருகிக்கொள்ளலாம். அதற்கும் காரிலிருந்து மின்சாரம் கொடுத்தால் இதே இரைச்சல் வரக்கூடும். ஆகவே செட்டை டாஷ்போர்டுக்குள் தள்ளித் திருகுகளை முடுக்கும் முன், இன்ஜின் ஓட, சார்ஜரும் செருகியிருக்க, ஒருமுறை ஒலியை முழுக்கக் கேட்டுவிடுங்கள்.