மின்சாரப் பேருந்தில் நாம் கொடுக்கும் டிக்கெட் காசு யாருக்குப் போகிறது?

கேள்வி: சென்னையில் புதிதாக ஓடும் மின்சாரப் பேருந்தில் தினமும் வேலைக்குப் போகிறேன். டிரைவர் தனியார் கம்பெனி ஆள், கண்டக்டர் மட்டும் எம்.டி.சி. (மாநகரப் போக்குவரத்துக் கழகம்) என்கிறார்கள். அப்படியானால் எம்.டி.சி.யைத் தனியாருக்கு விற்றுவிட்டார்களா? என்னுடைய 1,000 ரூபாய் மாதாந்திர பாஸ் இதில் செல்லுமா? (வாசகர், பெரம்பூர்)

பதில்: பாஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஏசி இல்லாத வண்டியில் செல்லும். ஏசி வண்டிக்கு 2,000 ரூபாய் பாஸ் வேண்டும்.

விற்கவில்லை, வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு வேன் பேசுகிறோம் இல்லையா? வண்டி, டிரைவர், ரிப்பேர் எல்லாம் வேன்காரர் பொறுப்பு. எந்த ஊருக்குப் போவது, யாரை ஏற்றுவது என்பது நம் முடிவு. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து கிளம்பிய முதல் 120 மின்சாரப் பேருந்துகளும் இந்த ஏற்பாட்டில்தான் வந்தவை. மொத்தம் 625 வண்டிகளுக்கு 12 வருட ஒப்பந்தம். அசோக் லேலண்ட் குழுமத்தின் ஓம் குளோபல் மொபிலிட்டி நிறுவனம் வண்டியை வாங்கி, சார்ஜ் ஏற்றி, பராமரித்து, டிரைவரையும் தருகிறது. வழித்தடம், நேரம், கட்டணம், கண்டக்டர் எல்லாம் எம்.டி.சி.யுடையவை. டிக்கெட் காசும் எம்.டி.சி.க்குத்தான். நிறுவனத்துக்கு ஓடிய தூரத்துக்கு வாடகை: ஏசி இல்லாத வண்டிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 77 ரூபாய், ஏசிக்குச் சுமார் 81.

டிக்கெட் காசு வண்டிக்காரருக்கே போனால் என்ன ஆகும் என்பதை டெல்லி அனுபவித்தது. அங்கே புளூலைன் என்ற தனியார் பேருந்துகள் ஓடின. அன்றன்றைய வசூல்தான் வருமானம் என்பதால் அடுத்த நிறுத்தத்தில் நிற்கும் கூட்டத்தைப் பிடிக்க ஒன்றையொன்று முந்தி ஓடின. பல உயிர்கள் போயின. அப்புறம் அவற்றைப் படிப்படியாக நிறுத்திவிட்டு, 2011 முதல் கிலோமீட்டர் வாடகை முறையைக் கொண்டுவந்தார்கள். அந்த ஓட்டப்பந்தயம் சென்னைக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: “ஓசி டிக்கெட்டால்தான் பஸ்ஸுக்கு நஷ்டம்” என்று பேருந்தில் என் காதுபடவே சொல்கிறார்கள். கூசிப்போகிறது. உண்மையா? (வாசகி, கொளத்தூர்)

பதில்: நீங்கள் கூச வேண்டியதே இல்லை. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் இலவசமாகப் போகும் மகளிர் விடியல் பயணம் தொடங்கியது. அந்தச் செலவை அரசு பட்ஜெட்டிலிருந்து போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுசெய்கிறது. மாணவர் பாஸுக்கும் இப்படித்தான். உங்கள் டிக்கெட்டுக்கான காசு வேறு வழியாக வருகிறது, அவ்வளவுதான்.

கழகங்களின் இழப்புக்குப் பழைய காரணம் ஒன்று இருக்கிறது. கட்டணத்தைக் கடைசியாக உயர்த்தியது 2018 ஜனவரியில். அன்று சென்னையில் லிட்டர் 70 ரூபாய்க்குக் கீழே இருந்த டீசல் இப்போது 90-ஐத் தாண்டி நிற்கிறது. கட்டணத்தை ஏற்றாதது சரியான முடிவு என்பது என் கருத்து. வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஐந்து ரூபாயும் கணக்குதான். ஆனால் ஏற்றாமல் விட்டால் அந்த வித்தியாசத்தை அரசு தர வேண்டும், அதுவும் தாமதிக்காமல்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். இலவசம்தானே என்று விட்டுவிடாமல் கண்டக்டரிடம் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் பயணம் செய்தீர்கள் என்பதற்கு அதுதான் பதிவு.

கேள்வி: கிலோமீட்டருக்குத்தான் காசு என்றால், நிறுத்தத்தில் நிற்காமல் காலியாக ஓட்டினாலும் கம்பெனிக்கு வாடகை வந்துவிடுமே? (வாசகர், தாம்பரம்)

பதில்: சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். இந்த முறையின் பலவீனமே இதுதான். பத்துப் பேர் ஏறினாலும் நூறு பேர் ஏறினாலும் வாடகை ஒன்றுதான். 200 கிலோமீட்டர் ஓடிய ஏசி இல்லாத வண்டிக்கு அன்றைய வாடகை சுமார் 15,400 ரூபாய். கைத்தடியோடு ஒரு பாட்டி முன்வாசலில் ஏறும்வரை, தாழ்தளப் படியை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டுக் காத்திருக்கும் டிரைவரால் அந்தத் தொகை ஒரு ரூபாய்கூட ஏறாது.

அதனால் தூரத்தை மட்டும் அளந்தால் போதாது, காத்திருப்பையும் அளக்க வேண்டும். சிங்கப்பூர் அதைச் செய்கிறது. 2016-இல் பேருந்துச் சேவை முழுவதையும் ஒப்பந்த முறைக்கு மாற்றினார்கள். பேருந்தும் பணிமனையும் அரசுடையவை, கட்டணம் அரசுக்கு, ஓட்டும் நிறுவனத்துக்குச் சேவைக் கட்டணம். அட்டவணைப்படி ஆவதைவிடப் பயணிகள் எவ்வளவு கூடுதலாகக் காத்திருந்தார்கள் என்று கணக்கெடுக்கிறார்கள். இலக்கைவிட மோசமானால் அபராதம், மேம்பட்டால் ஊக்கத்தொகை.

சென்னையிலும் ஒவ்வொரு வழித்தடத்திலும் சராசரியாக எத்தனை நிமிடம் காத்திருந்தோம், அதற்காக நிறுவனத்திடம் எவ்வளவு பிடித்தார்கள் என்று மாதாமாதம் வெளியிட வேண்டும். பன்னிரண்டு வருடம் வாடகை தரப்போவது நம் வரிப்பணம். வண்டிகளில் ஜிபிஎஸ் இருக்கிறது, கணக்கெடுப்பது கஷ்டமே இல்லை.

அதுவரை, வண்டி நிற்காமல் போனால் வழித்தட எண், வண்டியின் பதிவெண், நிறுத்தத்தின் பெயர், நேரம் நான்கையும் அங்கேயே போனில் குறித்துக்கொண்டு 149-க்கு அழையுங்கள். “பஸ் நிற்கவே மாட்டேங்குது” என்று பொதுவாகச் சொல்லும் புகாரை வைத்து யாருக்கும் அபராதம் போட முடியாது. இந்த நான்கும் இருந்தால் எந்த வண்டி, யார் ஓட்டியது என்பதைப் பணிமனைப் பதிவேட்டில் பார்த்துவிடலாம்.